சுயநலம்தான் மனிதனின் பிறவிக் குணமா? பரிணாமமும் நம் கடற்கரையும்

பாம்பன் வாத்தியார்

போன வாரம் மீன்பிடித் தடைக்காலம் பற்றிய இழையில் ஒருவர், "மனுஷன் பிறவியிலேயே சுயநலக்காரன். அது பரிணாமம். கடல் காலியாகத்தான் செய்யும்" என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். அங்கேயே பதில் சொன்னால் நிவாரணத் தொகை பற்றிய பேச்சு திசை மாறிவிடும். அதனால் தனி இழை.

பள்ளியில் உயிரியல் நடத்தியவன் என்பதால் இதை விட்டுவிட மனம் வரவில்லை. பரிணாமம் என்றால் ஒருவரை ஒருவர் அடித்துப் பிடுங்குவது என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. டார்வின் 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய நூலிலேயே வேறு விதமாகச் சொல்கிறார். ஒருவருக்கொருவர் உதவவும் பொது நன்மைக்காகத் தன்னைக் கொடுக்கவும் தயாரானவர்கள் நிறைந்த குலம் மற்றக் குலங்களை வெல்லும், அதுவும் இயற்கைத் தேர்வுதான் என்கிறார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். 1964இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் உறவினருக்கு உதவும் குணம் எப்படிப் பரவும் என்று விளக்கினார். எனக்கு ஏற்படும் இழப்பைவிட, என் உறவினர் பெறும் நன்மையை எங்கள் உறவின் நெருக்கத்தால் பெருக்கி வருவது கூடுதலாக இருந்தால் போதும், அந்தக் குணம் தலைமுறைக்குத் தலைமுறை நிற்கும். உடன்பிறந்தவர் என்றால் பாதி, சித்தப்பா, மாமா பிள்ளைகள் போன்ற ஒன்றுவிட்ட உறவு என்றால் எட்டில் ஒரு பங்கு. 1971இல் ராபர்ட் டிரிவர்ஸ் இரத்த உறவே இல்லாதவர்களிடையே உதவி எப்படி நிலைக்கும் என்று காட்டினார். திரும்பத் திரும்பச் சந்திக்கிறவர்கள், யார் செய்தார் யார் செய்யவில்லை என்று நினைவு வைக்கிறவர்கள், ஏமாற்றுகிறவரை ஒதுக்கத் தெரிந்தவர்கள் என்றால் உதவி நிலைக்கும்.

பராகுவே நாட்டுக் காட்டில் ஆச்சே என்ற வேட்டை மக்கள் உண்டு. அவர்கள் காட்டில் அலையும்போது வேட்டை இறைச்சி கூட்டம் முழுவதற்கும் போகிறது. வேட்டையாடியவர் குடும்பத்துக்கு என்று தனிச் சலுகை இல்லை. காரணம் எளிது. வேட்டையில் இன்று கிடைக்கும், நாளை கிடைக்காது. கிடைத்த அன்று ஒரு குடும்பத்தால் தின்று தீர்க்கவும் முடியாது. நம் கடலுக்கும் இதே கணக்குதான். ஒரு வள்ளத்தில் நிறைய சூடை மீன் விழும், பக்கத்து வள்ளம் வெறும் வலையோடு திரும்பும். மீன் மாலைக்குள் கெட்டுவிடும். வெறுங்கையோடு வந்தவர் வீட்டில் குழம்பு கொதிக்க வேண்டுமே.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பரிணாமம் நமக்குக் கொடுத்தது சுயநலம் என்றோ பொதுநலம் என்றோ ஒற்றைக் குணம் அல்ல. யாரோடு இருக்கிறோம், அவர்கள் நம்மைப் பார்க்கிறார்களா, நாளைக்கும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமா என்பதை எடைபோட்டு நடக்கும் மனதைக் கொடுத்திருக்கிறது. ஆகவே கடல் காலியாவதற்குப் பழியைப் பிறவிக் குணத்தின் மேல் போட்டுவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது.

முதுகுளத்தூர்க்காரன்

அந்தப் பதிவை எழுதியவன் நான்தான். வாத்தியார் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது சார். ஆனால் எங்கள் பக்கம் கண்மாய்த் தண்ணீருக்கு நடப்பதைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். மடையை இரவோடு இரவாகத் திறந்துவிடுகிறவன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பங்கு போடுவது கூட, இல்லாதவன் என்ன செய்வானோ என்ற பயத்தில் போடுவதுதானே? உள்ளே இருப்பது சுயநலம்தான்.

சம்மாட்டி பேரன், தொண்டி

கரைவலையில் பங்கு எப்படி என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். பிறகு விஞ்ஞானத்தைப் பெரியவர்கள் பேசுங்கள்.

வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையது. வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். இரண்டு வரிசை ஆள், கயிறு ஈரத்தில் கனக்கும். கால் மணலில் பதியப் பதியப் பின்னால் நகர வேண்டும். வரிசையின் கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு ஓடிப் போய் முன்னால் பிடிப்பார். வலையின் பை போன்ற மடி கரையை நெருங்கும்போது இரண்டு வரிசையும் ஒன்று சேரும். அந்த நேரம் ஒரு கை தளர்ந்தாலும் மீன் கீழ்வழியாக நழுவிப் போகும்.

மடி ஏறியதும் முதலில் கறி மீன். இழுத்த ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கொஞ்சம் எடுப்பார்கள். மிச்சம் ஏலத்துக்குப் போகும். ஏலப் பணத்தில் செலவு கழித்து, வலைக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்குப் பங்கு. ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும், ஆனால் கணக்கு இல்லாத ஊர் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வயதானவர்கள், இழுக்க முடியாதவர்கள், புருஷன் கடலில் போன பெண்கள் மடி ஏறும் நேரத்துக்குச் சட்டியோடு வருவார்கள். அவர்களுக்கும் ஒரு கை அள்ளிப் போடுவோம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதே நேரம் வாட்டசாட்டமான ஒருத்தன் மடி கரையேறுகிற சமயம் பார்த்து வந்து கயிற்றைத் தொட்டுவிட்டுக் கறி மீனுக்குக் கை நீட்டினால் அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை தெரிந்துவிடும். என் தாத்தா கணக்கு நோட்டு வைத்ததே இல்லை. யார் எந்த இழுப்பில் எப்போது வந்தார்கள் என்று கரையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

முதுகுளத்தூர் அண்ணே, இது பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டியோடு வரும் கிழவிக்கு எந்தப் பயத்தில் போடுகிறோம்?

மண்டபம் ஆய்வு மாணவி

நல்ல விவாதம். ஆனால் ஒரு எச்சரிக்கையோடு தொடங்க வேண்டும். மனித நடத்தையில் எதைப் பார்த்தாலும் "இது காட்டில் வாழ்ந்தபோது இதற்காக வந்தது" என்று ஒரு கதை கட்டிவிடலாம். 1979இல் ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவொன்டினும் இந்தப் பழக்கத்தைத்தான் கடுமையாகச் சாடினார்கள். கதை பொருந்துகிறது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

அதனால் நான் எப்போதும் விலங்கு நடத்தையை ஆராய்ந்த நிகோ டின்பெர்கன் 1963இல் வைத்த நான்கு கேள்விகளைக் கையில் பிடித்துக்கொள்வேன். ஒரு நடத்தை உடலிலும் மூளையிலும் எப்படி இயங்குகிறது, குழந்தைப் பருவத்திலிருந்து எப்படி வளர்கிறது, பிழைக்கவும் பெருகவும் எதற்கு உதவியது, நெருங்கிய உயிரினங்களோடு ஒப்பிட்டால் எப்போது தோன்றியது. வாத்தியார் மூன்றாவதுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

சம்மாட்டி பேரன் அண்ணன் கயிறு இழுப்பதைப் பற்றி எழுதியதும் எனக்கு ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 2011இல் உளவியலாளர் மைக்கேல் டோமசெல்லோவின் குழுவினர் மூன்று வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக வைத்துச் செய்தார்கள். ஒரு பலகை, அதன் மேல் கோலிக் குண்டுகள். இரண்டு குழந்தைகளும் கயிற்றின் இரு முனையையும் சேர்ந்து இழுத்தால்தான் பலகை நகரும். பலகை வந்து சேரும்போது ஒரு குழந்தை பக்கம் மூன்று குண்டு, மற்றக் குழந்தை பக்கம் ஒன்று. சேர்ந்து இழுத்திருந்தால் அதிகம் கிடைத்த குழந்தை பெரும்பாலும் ஒன்றை எடுத்து மற்றதற்குக் கொடுத்து இரண்டு இரண்டாக்கிவிட்டது. இழுக்காமல் சும்மா கிடைத்த குண்டு என்றால் அப்படிப் பகிர்வது வெகுவாகக் குறைந்தது. இதே மாதிரி ஏற்பாட்டைச் சிம்பன்சிகளிடம் வைத்தபோது, சேர்ந்து இழுத்ததா இல்லையா என்பது பகிர்வதில் வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

ஒரே ஆய்வில் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்கிறது பாருங்கள். மூன்று வயதிலேயே இது தெரிகிறது. நம் நெருங்கிய உறவான சிம்பன்சியிடம் இந்த வடிவில் இல்லை. ஆக, சேர்ந்து உழைத்துக் கிடைத்ததைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்ற உணர்வு மனித வழியில் பிறகு வந்திருக்கலாம் என்று சொல்ல ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் ஜெர்மனியில் வளர்ந்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரே மாதிரியான சமூகங்களில் பார்த்ததை உலகம் முழுவதற்கும் பொருத்துவது இந்தத் துறையின் பழைய நோய்.

அந்த நோய்க்கு மருந்து தேடியவர் ஜோசப் ஹென்ரிக். 2001இல் அவரும் மானிடவியலாளர்களும் 15 சிறு சமூகங்களில் ஒரு விளையாட்டை நடத்தினார்கள். ஒருவர் கையில் பணம். அதில் ஒரு பகுதியை, யாரென்று தெரியாத மற்றவருக்குக் கொடுக்க முன்வர வேண்டும். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெரு நாட்டின் மாச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால்வாசிதான் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் இந்தோனேசியாவில் படகில் போய்த் திமிங்கிலம் பிடிக்கும் லமலேரா ஊர் மக்கள் பாதிக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள். மாச்சிகெங்காவில் குடும்பம் குடும்பமாகத் தனித்தனியே பிழைப்பு. லமலேராவில் பெருங்கூட்டம் இல்லாமல் திமிங்கிலத்தைத் தொடவே முடியாது. அங்கே திமிங்கிலத்தின் எந்தத் துண்டு யாருக்கு என்று பரம்பரை விதி உண்டு. ஈட்டி எறிந்தவருக்கு, துடுப்பு போட்டவருக்கு, பாய் முடைந்தவருக்குக் கூடப் பங்கு.

முதுகுளத்தூர் அண்ணனுக்கு: உள்ளே ஒரே அளவு சுயநலம் எல்லாரிடமும் இருந்தால், ஊருக்கு ஊர் இவ்வளவு வித்தியாசம் வருமா?

பாம்பன் வாத்தியார்

அருமை தங்கச்சி. முதல் கேள்விக்கு, அதாவது மூளையில் எப்படி இயங்குகிறது என்பதற்கு, ஒரு புதிர் வைக்கிறேன். எல்லாரும் முயன்று பாருங்கள்.

நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: அ, க, 4, 7. விதி இது: ஒரு பக்கம் "அ" இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்தச் சீட்டைத் திருப்பியே ஆக வேண்டும்?

இதை 1966இல் பீட்டர் வேசன் உருவாக்கினார். படித்தவர்களிலும் நாலில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்வதில்லை. பெரும்பாலோர் "அ, 4" என்பார்கள். சரியான விடை "அ, 7". நாலின் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது. ஏழின் பின்னால் "அ" இருந்தால்தான் உடையும்.

இப்போது இரண்டாவது. சீட்டின் ஒரு பக்கம் ஒருவர் கறி மீன் எடுத்தாரா என்பது, மறுபக்கம் அவர் வலை இழுத்தாரா என்பது. விதி: கறி மீன் எடுத்தால் வலை இழுத்திருக்க வேண்டும். மேலே தெரிபவை: எடுத்தவர், எடுக்காதவர், இழுத்தவர், இழுக்காதவர். எதைத் திருப்புவீர்கள்?

எடுத்தவரையும் இழுக்காதவரையும் என்று சட்டென்று வந்துவிடும். இரண்டு புதிரின் அமைப்பும் ஒன்றேதான். ஆனால் பரிணாம உளவியலாளர்களான லீடா காஸ்மிடிசும் ஜான் டூபியும் செய்த சோதனைகளில் இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல் விதி வந்தால் சரியான விடை சொல்கிறவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஏறினார்கள். ஏமாற்றுகிறவரைக் கண்டுபிடிக்கவென்றே மனதில் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது, டிரிவர்ஸ் சொன்ன உதவிப் பரிமாற்றம் நிலைக்க அது தேவைப்பட்டது என்பது அவர்கள் வாதம்.

சம்மாட்டி பேரன், தொண்டி

முதலாவதில் நானும் "அ, 4" என்றேன். இரண்டாவதை வாசித்து முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. என் மகன் எட்டாவது படிக்கிறான், அவனுக்கும் அப்படியே.

மண்டபம் ஆய்வு மாணவி

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கறி மீன் நமக்குப் பழகிய விஷயம், அதனால் எளிதாக இருக்கிறது என்பது ஒரு வாதம். காஸ்மிடிஸ் அதற்காகவே யாரும் கேள்விப்படாத கற்பனை ஊர் வழக்கங்களை வைத்தும் சோதித்தார். அப்போதும் விடை சரியாக வந்தது. 1985இல் செங், ஹோலியோக் என்ற இருவர், ஒன்றைச் செய்ய இன்ன நிபந்தனை வேண்டும் என்ற அனுமதி விதி எதுவானாலும் மனம் அதை எளிதாகக் கையாள்கிறது, கொடுக்கல் வாங்கலே தேவையில்லை என்றார்கள். டான் ஸ்பெர்பரும் அவர் கூட்டாளிகளும், கேள்வியை எழுதும் விதத்தை மாற்றினாலே மற்றப் புதிர்களிலும் விடை தேறுகிறது என்று 1995இல் காட்டினார்கள். இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆனால் அண்ணன் எழுதிய சட்டிக் கிழவி இங்கே முக்கியம். 2010இல் காஸ்மிடிஸ் குழுவினர் புதிரை மாற்றிப் பார்த்தார்கள். விதியை மீறியவர் தெரியாமல் மீறினார் என்றாலோ, மீறியதால் அவருக்கு லாபம் இல்லை என்றாலோ, சரியான விடை சொல்கிறவர்கள் குறைந்தார்கள். விதி உடைந்ததை மட்டும் மனம் தேடவில்லை. லாபத்துக்காக வேண்டுமென்றே மீறுகிறவனைத் தேடுகிறது. கரையில் கிழவிக்கும் வாட்டசாட்டமானவனுக்கும் நடுவே நீங்கள் பார்க்கும் வித்தியாசம் இதுதான்.

கீழக்கரை, இப்போது துபாய்

படைப்பா பரிணாமமா என்ற பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் சத்தம் கூடும். நான் நம்பிக்கையுள்ளவன். இருந்தாலும் இறைவன் படைத்ததை எப்படி இயங்க வைத்தான் என்று பார்ப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மூலையைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் உண்டு. பழைய காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக்குக் குளித்தவர்கள் கல்லின் கனத்தில் இறங்கி, மூச்சை அடக்கி, சிப்பியைக் கூடையில் அள்ளுவார்கள். நான் வேலை பார்க்கும் இந்த வளைகுடாவும் ஒரு காலத்தில் முத்தில் பிழைத்த கரைதான். ஜப்பானின் வளர்ப்பு முத்து 1930களில் அதைச் சாய்த்துவிட்டது.

குளிப்பவர்களின் திறமை இரத்தத்தில் வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை என்று தேடியபோது இரண்டு ஆய்வுகள் கண்ணில் பட்டன. இந்தோனேசியாவின் பஜாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலிலேயே வாழ்ந்து, மூச்சடக்கிக் குளிக்கிறவர்கள். 2018இல் வந்த ஆய்வின்படி அவர்களின் மண்ணீரல், பக்கத்தில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களுடையதைவிடச் சுமார் 50 சதவீதம் பெரியது. மூச்சை அடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, ஆக்சிஜன் சுமந்த இரத்த அணுக்களை வெளியே தள்ளுகிறது. மூச்சடக்கிக் குளிக்காத பஜாவ் மக்களுக்கும் மண்ணீரல் பெரிதாகவே இருந்தது. அதாவது பழக்கத்தால் வந்ததல்ல, மரபணுவில் இயற்கைத் தேர்வு நடந்திருக்கிறது.

அடுத்தது அந்தமான் கடலின் மோக்கன் குழந்தைகள். கண்ணாடி இல்லாமலே தண்ணீருக்கடியில், ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தெளிவாகப் பார்க்கிறார்கள். கண்மணியைச் சுருக்கி, கண்ணின் வில்லையின் வளைவைக் கூட்டிப் பார்க்கிறார்கள். இதை 2003இல் அன்னா கிஸ்லேன் வெளியிட்டார். பிறகு அவரே ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களும் கற்றுக்கொண்டார்கள்!

ஒரே மாதிரிப் பிழைப்பு. ஒன்றில் உடலே மாறியிருக்கிறது, மற்றதில் எந்தக் குழந்தைக்கும் வரக்கூடிய திறமை பழக்கத்தில் மலர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "இரத்தத்தில் வந்தது" போலத்தான் தோன்றும். உடம்பிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், ஒரு சாதியை, ஒரு மதத்தை, ஒரு கரையைச் சுட்டிக்காட்டி "இவங்க புத்தியே அப்படி, பரம்பரை" என்று பேசுகிறோமே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. மனதைப் பற்றிப் பேசும்போது இன்னும் பத்து மடங்கு கவனம் வேண்டும்.

முதுகுளத்தூர்க்காரன்

கீழக்கரை பாய் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஆண் பெண் வித்தியாசம் பரிணாமத்தில் வந்ததுதானே? ஆண் வேட்டைக்குப் போனான், பெண் குகையில் பிள்ளை வளர்த்தாள். அதனால்தான் ஆணுக்குத் துணிச்சல், பெண்ணுக்குப் பயம்.

பாசிக்காரி மகள்

அண்ணே, நான் செவிலியர் வேலை பார்க்கிறேன். என் அம்மாவும் அப்பத்தாவும் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுத்தவர்கள். நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தத் தம்பியை வத்தையில் ஏறி வரச் சொல்லு" என்றார்கள். வத்தை என்றால் சின்னப் படகு.

பாசி எடுப்பது என்றால் என்ன என்று தெரியுமா? விரல் ஒவ்வொன்றிலும் துணியைக் கிழித்துச் சுற்றுவார்கள். அதற்கு மேல் உறை. முகத்தில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப் பை. தீவை ஒட்டிய பாறையில் மரிக்கொழுந்துப் பாசி ஒட்டியிருக்கும். மூச்சை அடக்கி இறங்கி, கையால் பிய்த்து, மேலே வந்து, மறுபடி இறங்க வேண்டும். துணியை அவிழ்த்தால் விரல் நுனி ஊறி வெளுத்து, பாறை கிழித்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். உப்பு பட்டு ஆறவே ஆறாது. இதைச் செய்கிறவர்கள் பெண்கள். அப்பத்தா வயதான பின்னும் இறங்கினார்கள்.

குகைக் கதைக்கு ஆதாரமும் அப்படி உறுதியாக இல்லை. பிலிப்பைன்சின் ஆக்டா மக்களில் பெண்கள் காட்டுப்பன்றியும் மானும் வேட்டையாடியதை மானிடவியலாளர்கள் நேரில் பதிவு செய்திருக்கிறார்கள். பெரு நாட்டு மலையில் சுமார் 9,000 ஆண்டுப் பழைய புதைகுழியில் வேட்டைக் கருவிகளோடு கிடந்த எலும்பு ஒரு இளம்பெண்ணுடையது என்று 2020இல் வெளியானது. பல வேட்டைச் சமூகங்களில் பெரிய மிருக வேட்டை ஆண்கள் கையில்தான் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் பெண் வீட்டில் இருந்தாள் என்பது வேறு பேச்சு.

வாத்தியார் சார், நீங்கள் விட்டுவிட்ட ஆள் ஒருவர் இருக்கிறார். பாட்டி. பெரும்பாலான விலங்குகள் பிள்ளை பெறும் காலம் முடிந்தபின் நெடுநாள் வாழ்வதில்லை. சில திமிங்கில வகைகளைப் போல, மனிதப் பெண் பிள்ளை பெறும் காலம் முடிந்த பின்னும் பல பத்தாண்டு வாழ்கிறாள். தான்சானியாவில் காட்டில் உணவு தேடி வாழும் ஹாட்சா மக்களோடு இருந்து பார்த்த மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அங்கே வயதான பெண்கள் கெட்டி மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுக்கிறார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்தவுடன், மூத்த குழந்தையின் உடல் எடை பாட்டி எவ்வளவு நேரம் உணவு தேடினாள் என்பதோடு ஒட்டிப் போனது. பாட்டி உழைத்த குடும்பத்தில் பேரப்பிள்ளை பிழைத்தது. நீண்ட ஆயுள் அப்படித்தான் தேர்வானது என்பது அவர் கருத்து. சாரா ஹர்டி இன்னும் ஒரு படி மேலே போய், தாய் ஒருத்தியே வளர்க்காமல் பலர் கையில் வளர்ந்ததால்தான் மனிதக் குழந்தை மற்றவர் முகம் பார்த்து மனம் படிக்கக் கற்றது என்கிறார்.

அம்மா கடலுக்குப் போனபோது என்னை வளர்த்தது அப்பத்தா. அப்பத்தா கடலுக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை. எங்கள் ஊரில் குழந்தைக்கு யார் வீட்டில் பசிக்கிறதோ அந்த வீட்டில் சோறு.

முதுகுளத்தூர்க்காரன்

உங்கள் அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படித்துவிட்டு வருகிறேன். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. மனது இவ்வளவு கூட்டுறவு கொண்டது என்றால் கடல் ஏன் காலியாகிறது?

பாம்பன் வாத்தியார்

அதற்குத்தான் வர நினைத்தேன்.

1968இல் காரெட் ஹார்டின் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாடு விடத்தான் பார்ப்பார், முடிவில் நிலம் அழியும், தனியுடைமை அல்லது அரசின் கட்டுப்பாடு தவிர வழியில்லை என்றார். உங்கள் வாதம் இதுதான். எலினார் ஆஸ்ட்ரம் உலகெங்கும் மீன்பிடி ஊர்களையும் பாசன ஊர்களையும் பார்த்து, இது எல்லா இடத்திலும் நடப்பதில்லை என்று காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் பெற்றார். யார் உரிமையாளர் என்ற எல்லை தெளிவாக இருந்த இடத்தில், பயன்படுத்துகிறவர்களே கண்காணித்த இடத்தில், தப்புக்கு முதலில் சின்ன தண்டனை பிறகு பெரியது என்று இருந்த இடத்தில், பொதுச் சொத்து நூற்றாண்டுக் கணக்கில் நின்றிருக்கிறது. அவர் நடத்திய சோதனைகளில் ஆட்களை ஒருவரோடு ஒருவர் பேச விட்டதே ஒத்துழைப்பைப் பெரிதும் உயர்த்தியது.

நம் கரையில் பாருங்கள். 1970களில் விசைப்படகுகள் பெருகி, நாட்டுப்படகு வலைகள் அறுபட்டு, கரையில் பெரிய மோதல்கள் வந்தன. அதன் பிறகு பாக் நீரிணையில் வந்த ஏற்பாடு வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு. பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் பரிசு 2015இல் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்குக் கிடைத்தது. இது எப்படிச் சாத்தியமானது? ஒரே கரையில் ஏறுகிறார்கள். யார் எந்த நாளில் போனார் என்று தெரிகிறது. நாளைக்கும் ஒரே பாறைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது இரட்டைமடி இழுக்கும் படகை, அதாவது இன்னொரு படகோடு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் விசைப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு, நடுக்கடல். படகுக்குச் சொந்தக்காரர் கரையில். முன்பணம் கொடுத்தவர் வேறு ஊரில். மீனைத் தின்பவர் கடல் கடந்து. கடல் எல்லைக்கு அந்தப் பக்கம், இலங்கையில் வலை அறுபடுகிறவரும் தமிழர்தான், ஆனால் அவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. கடலின் தரையோடு வலையை இழுக்கும் அடிமடி இழுவையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. 2010இல் இரு கரை மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சு தொடர்ந்து நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மனதார நம்புகிறேன். சிறு கூட்டத்தில், முகம் தெரிந்தவர்களிடையே வளர்ந்த மனது இது. பார்க்கிற கண்ணும் பேசுகிற வாயும் இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பிறவிக் குணம் என்று சொன்னால் எப்படி?

உங்கள் கண்மாய் மடையும் இரவில்தானே திறக்கப்படுகிறது?

சம்மாட்டி பேரன், தொண்டி

வாத்தியாரே, இதில் ஒன்றுதான் உடன்பாடு இல்லை. முகம் தெரிந்தால் போதும் என்பது போலப் படுகிறது. விசைப்படகுத் தொழிலாளியும் என் மச்சான்தான். அவனுக்கு நாட்டுப்படகுக்காரன் முகம் தெரியும், வலை அறுந்தால் வலிக்கும் என்றும் தெரியும். ஆனால் முன்பணம் கழுத்தில் இருக்கிறது. டீசல் விலையில், இழுக்காமல் திரும்பினால் அவன் பங்கு பூஜ்யம். மனதை மட்டும் வைத்து இதை விளக்கிவிட்டால் கடன் கொடுத்தவர் தப்பித்துக்கொள்வார். முகமும் வேண்டும், கடனைத் தாங்கும் வழியும் வேண்டும். 61 நாள் தடையில் அடுப்பு எரிந்தால்தான் ஒருவன் விதியைப் பற்றி யோசிப்பான்.

பாம்பன் வாத்தியார்

இதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆஸ்ட்ரமும் பயன்படுத்துகிறவர் விதியை வகுப்பதில் பங்கு பெற வேண்டும் என்கிறார். கடனில் இருப்பவருக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

மண்டபம் ஆய்வு மாணவி

நிறையப் பேசிவிட்டோம். ஒன்றையாவது நம் கரையிலேயே சோதிக்கலாம் என்று தோன்றுகிறது. வாத்தியார் சார் வைத்த புதிருக்கு இன்னொரு வடிவம் உண்டு. 1992இல் கெர்ட் கிகரென்சரும் கிளவுஸ் ஹுக்கும் ஒரே விதியை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார்கள். வார விடுமுறையில் வேலை செய்தால் வேறு நாள் லீவு உண்டு என்பது விதி. தொழிலாளியாக நினைத்தவர்கள், வேலை செய்தும் லீவு கிடைக்காதவரைத் தேடினார்கள். முதலாளியாக நினைத்தவர்கள், வேலை செய்யாமல் லீவு எடுத்தவரைத் தேடினார்கள். விதி ஒன்றே, ஆனால் தேடும் சீட்டு வேறு.

நம் ஊர் விதி: வலை இழுத்தால் பங்கு உண்டு. பாதிப் பிள்ளைகளைச் சம்மாட்டியாகவும், பாதிப் பிள்ளைகளை இழுப்பவராகவும் நினைக்கச் சொல்லலாம். கூடவே கரைவலையே பார்க்காத முதுகுளத்தூர்ப் பக்கப் பள்ளி ஒன்றிலும் இதே சீட்டைக் கொடுத்தால், பழக்கத்தால் வருகிறதா இல்லையா என்பதற்கு ஒரு சின்ன வெளிச்சம் கிடைக்கும். பெற்றோர் சம்மதம், பள்ளி அனுமதி இரண்டும் வாங்க வேண்டும். பிள்ளைகள் பெயர் எங்கும் வரக்கூடாது.

முதுகுளத்தூர்க்காரன்

எங்கள் பக்கத்துப் பள்ளியில் நான் பேசுகிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கண்மாய் விதியும் ஒன்று சேர்த்துக் கொடுங்கள். ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வந்தால் மடைத் தண்ணீர் உண்டு என்று. தொண்டிப் பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்கும்.

மண்டபம் ஆய்வு மாணவி

சரியான யோசனை அண்ணே. அப்படியென்றால் இரண்டு ஊருக்கும் இரண்டு விதியும் போகும். சீட்டுகளை நான் எழுதி இங்கே போடுகிறேன். மொழி பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று தொண்டி அண்ணனும் பாசிக்காரி மகளும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.